சிட்னித் துறைமுகத்தில் ஃபெரி ஏறுவோருக்கு

ஊரிலிருந்து பெற்றோரோ மாமனார் மாமியாரோ சிட்னிக்கு வந்திருக்கும்போது, துறைமுகத்தைக் காட்டுவதற்கென்றே தனியார் உல்லாசப் படகுகளுக்குப் பெரும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்குகிறவர்கள் பலர். அதற்குத் தேவையே இல்லை. நகரத்து மக்கள் வேலைக்குப் போய்வரும் பொது ஃபெரிகள் அதே நீரில்தான், அதே ஓபரா மாளிகையின் ஓரமாகத்தான் ஓடுகின்றன. இரயிலுக்குப் பயன்படும் ஓப்பல் அட்டையே அவற்றுக்கும் போதும்.

முதலில் அட்டையைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஓப்பல் இல்லாதவர்கள் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது தட்டிய அதே அட்டையை இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். முதியோருக்கான தங்க நிற ஓப்பல், சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு எழுபது வயதானாலும் கிடைக்காது என்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. ஒரு நாளில் பிடிக்கப்படும் மொத்தக் கட்டணத்தின் உச்ச வரம்பு வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களில் குறைவு; நீண்ட சுற்றுக்கு அந்த நாள்களைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம்.

ஃபெரிகளின் மையம் சர்குலர் கீ. எழுத்தைப் பார்த்துப் பலரும் 'குவே' என்றே படிக்கிறோம். உச்சரிப்பு 'கீ' என்பதுதான். மேற்குப் புறநகரிலிருந்து வரும் டி1 தடத்து இரயில்கள் இங்கே வருவதில்லை. சென்ட்ரலிலோ டவுன் ஹாலிலோ இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். நிலையத்திலிருந்து கீழே இறங்கினால் எதிரிலேயே எண்ணிட்ட துறைகள் வரிசையாக இருக்கும். கடலோரப் புறநகரான மேன்லிக்குப் போகும் எஃப்1 ஃபெரி வழக்கமாக மூன்றாம் எண் துறையிலிருந்து புறப்படும். மற்றவற்றுக்கு அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் துறையை உறுதிசெய்ய வேண்டும். மேன்லிக்குத் தனியார் விரைவுப் படகும் உண்டு, அதற்குக் கட்டணம் தனி. 'எஃப்1' என்ற பெயரைப் பார்த்து வரிசையில் நின்றால் தவறு நேராது.

ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் அது மேன்லியாகவே இருக்கட்டும். ஏறத்தாழ அரை மணி நேரம்தான் ஆகும். இத்தடத்தில் ஓடும் படகுகளில் 1980களில் கட்டப்பட்ட ஃபிரெஷ்வாட்டர் வகைப் படகு கிடைத்தால் விடாதீர்கள்: எழுபது மீட்டர் நீளமும் ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய இடமும் கொண்டது, இரு முனைகளும் ஒன்றுபோல் அமைந்திருப்பதால் திரும்பாமலே எந்தத் திசையிலும் ஓடும். ஆகவே துறையை ஒட்டியிருக்கும் முனையை முன்பக்கம் என்று நினைத்து அங்கே போய் உட்காராதீர்கள். கரைக்கு எதிர்ப்புறத்து முனைதான் புறப்பட்டதும் முன்பக்கமாகும். கிளம்பும்போது ஓபரா மாளிகை வலக்கையிலும் ஹார்பர் பாலம் இடக்கையிலும் வரும். கோட்டைத் தீவான ஃபோர்ட் டெனிசனும், பின்னர் துறைமுகத்தின் வாயும் வலப்பக்கமே என்பதால், வலப்புறத்து வெளித்தட்டில் இடம் பிடிப்பது நல்லது. திரும்பும்போது மாலையாக இருந்தால், பாலத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியனைக் காண முன்முனையில் நில்லுங்கள். கோடையிலும் காற்று குளிரும் என்பதால் முதியோருக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம்.

துறைமுக வாயின் இருபுறமும் உள்ள வட, தென் நிலமுனைகளுக்கு இடைப்பட்ட சிறிது தூரத்தில் படகு பசிபிக் பெருங்கடலுக்கு நேராக வந்துவிடுகிறது. அங்கே அலை பக்கவாட்டில் தாக்குவதால் ஆட்டம் தெரியும். வயிறு புரட்டுபவர்கள் கீழ்த்தட்டின் நடுவில் உட்காருவது உத்தமம். கடல் மிகவும் கொந்தளித்தால் மேன்லி ஃபெரியை நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விடுவார்கள், ஆனால் பேருந்தில் போவது துறைமுகம் பார்த்ததாகாது. தெற்கிலிருந்து பலத்த காற்று வீசும் நாளில் பயண அறிவிப்பைப் பார்த்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

நம்மவர் அதிகம் வாழும் பரமட்டா பகுதிக்கு நேராக வருவது எஃப்3 ஃபெரி. 'விலாங்குகள் கிடக்கும் இடம்' என்ற பொருளுள்ள பூர்வகுடிப் பெயரின் திரிபே பரமட்டா. இங்கே கவனிக்க வேண்டியது கடல்நீரின் வற்றமும் பெருக்கமும். நீர் வற்றும் வேளையில் பரமட்டா ஆற்றின் மேல்பகுதியில் ஃபெரி செல்ல ஆழம் போதாது. அப்போது சேவை பரமட்டாவுக்கு முந்தைய துறையான ரைடல்மியரோடு முடிந்து, மிச்சத் தூரத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். கால அட்டவணையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். சதுப்பு மரங்களின் கரை அரிக்காமலிருக்க மேல்பகுதியில் மெதுவாகவே செலுத்துவதால், முழுப் பயணமும் ஒன்றரை மணி நேரத்தை எட்டிவிடும். இரயிலில் அதே தூரம் அரை மணிதான். எனவே போகவரப் படகிலேயே போகலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். காலையில் நீர் பெருகியிருக்கும் நாளாகப் பார்த்துப் பரமட்டாவில் ஏறி, ஒரு காலத்தில் சிறைச்சாலையாகவும் கப்பல் கட்டும் தளமாகவும் இருந்த காக்கட்டூ தீவில் இறங்கிச் சுற்றிப் பார்த்து, அடுத்த ஃபெரியில் சர்குலர் கீயை அடைந்து, களைத்த கால்களோடு இரயிலில் வீடு திரும்புங்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் படகுத்துறையில் எல்லாரும் அட்டையைத் தட்டினார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தவறாமல் மறந்திருப்பார்.