பழைய தமிழ்ப் பத்திரிகைகள் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

1910, 20களில் வந்த தமிழ்ப் பத்திரிகைகளைச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் சறுக்குவது பெரும்பாலும் தேதியில்தான். அந்தக் கால இதழ்கள் பலவற்றில் ‘பிரபவ வருஷம் தை மாதம்’ என்கிற மாதிரிதான் இருக்கும். பிரபவ பிறந்தது 1927 ஏப்ரலில், சரி, ஆனால் அதன் தை மாதம் 1928 ஜனவரி நடுவில்தான் வருகிறது, 1927 என்று குறித்து வைத்தால் ஒரு வருஷம் பிசகிவிடும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் 1867ஆ 1927ஆ என்பதை உள்ளே இருக்கும் செய்திகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், மறுபதிப்பை அசல் என்று நம்பிப் பணம் கொடுப்பது. எழுத்தைப் பாருங்கள். லை, ளை, ணை, னை எல்லாம் அன்று யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடு அச்சாகும், றா, ணா, னாவுக்கும் வேறு வடிவம். தமிழக அரசு இவற்றை மாற்றியது 1978இல். எனவே 1920 என்று சொல்லி விற்கும் இதழில் இன்றைய ‘லை’ இருந்தால் அது பிற்காலத்தில் மறுபடி அச்சுக் கோத்ததுதான். ஆனால் பெரியாரின் ‘குடி அரசு’ 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தது, அதை இதை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். அசலை அப்படியே படம் பிடித்து அச்சிட்ட பிரதி என்றால் எழுத்து உதவாது. தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஈய எழுத்து அழுத்திய தடம் பல இதழ்களில் இன்னும் தட்டுப்படும்.

பைண்டு செய்யக் கொடுப்பதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். ஓரத்தை வெட்டுவார்கள், ஏற்கெனவே நொறுங்கும் தாளில் தேதி இருக்கும் வரியே போய்விடும், பல பைண்டு தொகுப்புகளில் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டிருப்பார்கள். சோப்பு, டானிக், கிராமபோன் விளம்பரம் இல்லாத இதழ் எனக்குப் பாதி இதழ்தான். வாங்குவதற்கு முன் பக்க எண்ணை முதலிலிருந்து கடைசிவரை எண்ணிப் பாருங்கள்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷங்களில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். மரக்கூழ்த் தாள் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே மெல்ல எரிகிறது, பிளாஸ்டிக்கில் அடைத்தாலும் அது நிற்காது. துருப்பிடித்த பின்னை இழுக்காமல், நடுப்பக்கத்தில் மடங்கிய முனைகளை நிமிர்த்திவிட்டு எடுங்கள். படுக்கை வாக்கில், அமிலமில்லாத உறையில், ஈரச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

அரிதான இதழ் என்று பெரிய விலை சொன்னால் உடனே கொடுத்துவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான நூலகம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். உங்களிடம் இருக்கும் இதழ் அவர்களிடம் இல்லையென்றால் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.