புதிய மினி டிராக்டரைப் பழகுதல்: லிப்ட்டிலிருந்து தொடங்குங்கள்

தென்னந்தோப்பு உழவுக்காக 24 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டர் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். கார் ஓட்டத் தெரிந்தவருக்கு இதை ஓட்டுவது அரை மணி நேரப் பழக்கம்தான் என்பதால், ஸ்டியரிங்கையும் கியர் மாற்றுவதையும் நான் இங்கே விளக்கவில்லை; பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கி இறக்கும் லிப்ட்டுக்கே பழக்கம் தேவை. வேகமான, மெதுவான கியர் வரிசைகளுக்கிடையே மாற்றும் ஹை-லோ லீவரை வண்டி முழுவதும் நின்ற பிறகே மாற்ற வேண்டும். நான்கு சக்கர இழுவையைத் தார்ச் சாலையில் விடுவித்துவிட வேண்டும், இல்லையெனில் முன் டயர்கள் வீணாகத் தேயும். இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் கொக்கியிட்டு இணைத்துவிட வேண்டும். இம்மூன்றையும் முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கருவியைப் பொருத்துதல்

சமதளத்தில் நிறுத்திய ரொட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) நோக்கி வண்டியை நேராகப் பின்னோக்கிக் கொண்டுசெல்லுங்கள். முதலில் வண்டியின் பின்புறமுள்ள இடது கீழ்க்கரம், பிறகு உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வலது கீழ்க்கரம், அதன்பின் மேலே நடுவில் இணைக்கும் டாப் லிங்க், கடைசியாக இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. ஷாஃப்ட் என்பதே வரிசை. ஷாஃப்ட்டைத் தொடும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். இணைப்புகள் கழன்றுவிடாமல் பூட்டும் லின்ச் பின்னுக்குப் பதிலாக வளைத்த ஆணியைச் செருகும் வழக்கம் எனக்கு ஒப்பாது. நான்கைந்து பின்களை வாங்கிக் கருவிப்பெட்டியில் போட்டுவையுங்கள்.

லிப்ட்: நான் தடுமாறிய இடம்

வண்டி வந்த மறுநாள் லிப்ட் லீவரை முழுவதும் கீழே இறக்கியும் ரொட்டவேட்டர் அந்தரத்திலேயே நின்றது. ஹைட்ராலிக் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, ஆயில் அளவைப் பார்த்து, லீவரை ஏற்றி இறக்கி ஒரு காலைப்பொழுதையே வீணாக்கினேன். இருக்கைக்குக் கீழே முன்பக்கமாக ஒரு சிறிய திருகு இருப்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். கருவி இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு அது. முழுவதும் இறுக்கினால் கருவி இறங்காமல் பூட்டிக்கொள்ளும். வழியில் கருவி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, வண்டியைக் கொண்டுவந்தவர் அதை இறுக்கியிருந்தார்.

அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. லீவர் கீழே இருக்கும் நிலையிலேயே திருகைத் தளர்த்தியதால், ரொட்டவேட்டர் முழு எடையுடன் தரையில் விழுந்தது. நல்லவேளையாகப் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஆகவே இன்ஜினை ஓடவிட்டு, லீவரை மேலே ஏற்றிவைத்து, பின்புறம் ஆள் இல்லை என்று பார்த்த பிறகே திருகைத் தொடுங்கள்.

லிப்ட் லீவர்கள் இரண்டு உள்ள வண்டிகளில் ஒன்று பொசிஷன் கன்ட்ரோல், மற்றது டிராஃப்ட் கன்ட்ரோல். முன்னது கருவியை நீங்கள் வைத்த உயரத்திலேயே நிறுத்தும். ரொட்டவேட்டருக்கு அதுவே போதும். பின்னது மண்ணின் இழுவிசையை உணர்ந்து, கொழு இறுகிய மண்ணில் சிக்கும்போது கலப்பையைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். புதியவர்கள் முதல் மாதம் பொசிஷனை மட்டும் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

பி.டி.ஓ.

கிளட்சை முழுவதும் மிதித்து, இன்ஜின் வேகம் குறைவாக இருக்கும்போதே பி.டி.ஓ. லீவரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். பிறகு கை ஆக்சிலேட்டரைக் கொண்டு, பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் வேகத்துக்கு இன்ஜினை உயர்த்துங்கள். அந்த இன்ஜின் வேகம் பெரும்பாலும் மீட்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையது ஒற்றை கிளட்ச் வண்டி என்பதால் மிதியை அழுத்தினால் சக்கரமும் பி.டி.ஓ.வும் சேர்ந்தே துண்டிக்கப்படும். இரட்டை கிளட்ச் வண்டியிலோ, பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்க, ரொட்டவேட்டர் தொடர்ந்து சுற்றும். எதுவாயினும் திரும்புமுன்னும் பின்னோக்கி எடுக்குமுன்னும் கருவியைத் தூக்கிவிடுங்கள். சுற்றும் ஷாஃப்ட்டின் அருகே வேட்டியுடனோ தோளில் துண்டுடனோ ஒருபோதும் போகாதீர்கள்.

பின்னர் சேர்த்தது

சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்று இதைப் படித்தவர்களில் இருவர் எழுதியிருந்தனர். பேட்டரியைக் கழற்றுமுன், கியர் நியூட்ரலில் உள்ளதா, பி.டி.ஓ. லீவர் விடுபட்டுள்ளதா, கிளட்ச் அடிவரை மிதிபட்டுள்ளதா என்று பாருங்கள். பாதுகாப்பு சுவிட்சுகள் உள்ள வண்டியில் இவற்றுள் ஒன்று தவறினாலும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது. அவர்களில் ஒருவருக்குக் கிளட்ச் மிதியின் அடியில் தென்னை மட்டைத் துண்டு ஒன்று சிக்கியிருந்ததாம்.