வளர்கிற பிள்ளைகளுக்கு விசுவாசக் கதை எழுதுவது எப்படி

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் யூனிஃபார்ம் தைக்க வரும் பிள்ளைகளால் கடை நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளியின் பெரிய வகுப்பை, அதாவது எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிறவர்களை, நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுக்காக மாதம் ஒரு கதையும் ஒரு சின்னக் கட்டுரையும் எழுதுகிறேன். பதினோரு வருஷமாகிறது. எழுத ஆசைப்பட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதல் வருஷம் நான் எழுதியது எதையும் பிள்ளைகள் படிக்கவில்லை. ஆராதனை முடிந்து பெருக்கும்போது தாள்கள் பாயிலேயே கிடந்தன. கதையில் கீழ்ப்படிதலுள்ள ஒரு பெண், கெட்ட தோழி ஒருத்தி, பரீட்சை, ஜெபம், முதல் மார்க், கடைசியில் ஒரு வசனம். எல்லா மாதமும் இதேதான். என்ன தப்பு என்று புரிய எனக்கு நாளானது. அளவு எடுக்காமலே தைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முதல் வேலை, பேனாவை எடுக்காமல் கேட்பது. ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் நீளமாக வெட்டி, வகுப்பு அலமாரியில் வைத்தேன். "பேர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள்" என்று சொன்னேன். இரண்டு வாரம் காலியாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு சீட்டு: "பிரசங்கத்தில் தூக்கம் வருவது பாவமா?" அதற்குப் பிறகு வந்தவற்றில் சில: "ஆடி மாசம் ஃப்ரெண்ட் வீட்டில் கூழ் குடிக்கலாமா?" "அப்பா குடிக்கிறதை நிறுத்தச் சொல்லி நாலு வருஷமா ஜெபம் பண்றேன், ஏன் கேட்கலை?" "சபையிலயும் ஏன் ஜாதி பாத்துக் கல்யாணம் பண்றாங்க?" "பத்தாவதோட நிறுத்திட்டு ஓசூர் கம்பெனிக்குப் போகச் சொல்றாங்க, பெற்றோருக்குக் கீழ்ப்படியணுமா?" இவற்றில் ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. எழுத விஷயம் இல்லை என்கிறவர்கள் ஒரு டின் வைத்துப் பாருங்கள். பொறுமையாக இருங்கள். முதல் சீட்டு விளையாட்டாகத்தான் வரும். அதற்கும் மரியாதையாகப் பதில் எழுதினால்தான் அடுத்த சீட்டு வரும். தூக்கத்தைப் பற்றிய சீட்டுக்கு அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் வரும் ஐத்திகுவைப் பற்றி எழுதினேன். பவுல் நடுராத்திரி வரைக்கும் பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த அந்த வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப் போய் அவனைத் திட்டவில்லை, அணைத்துக்கொண்டார். அந்த மாதம் ஒரு தாள்கூடப் பாயில் கிடக்கவில்லை.

ஒரு கதைக்கு ஒரு கேள்வி போதும். ஜெபம், கீழ்ப்படிதல், நட்பு, படிப்பு எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. வயதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பதின்மூன்று வயதுக்கு "என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்பதுதான் கவலை. பதினேழு வயதில் "இதெல்லாம் உண்மைதானா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களிடம் "சந்தேகப்படாதே" என்று எழுதினால் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு கதை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். கடைக் கண்ணாடி முன்னால் புதுச் சுடிதாரைப் போட்டுப் பார்த்த ஒரு பெண் சிரிப்பு வரும்போதெல்லாம் துப்பட்டா நுனியால் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில், நிலைப்பல் உருவாகும் காலத்தில், தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழக்கூடும். எத்தனை தடவை துலக்கினாலும் போகாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது இதற்காகத்தான். ஆனாலும் விழுந்த கறை விழுந்ததுதான். "பல்லு வெளக்க மாட்டியா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுவிடுவார்கள். அதைக் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு சிரிக்காது.

இதை நான் முதலில் எழுதியது இப்படி:

"அவள் மிகவும் பக்தியுள்ள பெண். ஆனாலும் தன் பற்களைக் குறித்துத் தாழ்வு மனப்பான்மை கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் வேதத்தை வாசித்தபோது, தேவன் முகத்தை அல்ல, இருதயத்தைப் பார்க்கிறார் என்பதை உணர்ந்து மகிழ்ச்சியடைந்தாள்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண் இதில் எங்கேயும் இல்லை. பிரித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்:

"குரூப் போட்டோவுக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அவள் கடைசி வரிசையில், உயரமான இரண்டு பேருக்கு நடுவே போய் நின்றாள். போட்டோக்காரர் கையை அசைத்தார். 'அந்தப் பொண்ணு முன்னால வாம்மா. எல்லாரும் சிரிங்க.' அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். 'சிரிம்மா, சிரி. காசா கேக்கறேன்?' எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்."

முதல் பத்தி பிள்ளையைப் பற்றிச் சொல்கிறது, இரண்டாவது பிள்ளையோடு நிற்கிறது. "தாழ்வு மனப்பான்மை" என்ற வார்த்தையே தேவைப்படவில்லை, மடித்த உதடு போதுமாயிருந்தது. "பக்தியுள்ள", "துக்கமான", "சந்தோஷமான" என்று எழுத வரும்போதெல்லாம் நிறுத்தி, அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் கை என்ன செய்யும், கண் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

வசனம் எங்கே வருவது? எடுத்துக்கொண்டது 1 சாமுவேல் 16:7. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." கதை முடிவில் பெட்டி கட்டிப் போடவில்லை. அந்த அதிகாரத்தை முழுக்கப் படித்தால், புது ராஜாவைத் தேடிப் போன இடத்தில், ஈசாயின் மூத்த மகன் எலியாபின் தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தது சாமுவேல் என்ற பெரிய தீர்க்கதரிசிதான். கர்த்தர் திருத்தியது ஒரு பெரியவரை. இது எனக்கே புதிதாகத் தெரிந்தது. அதனால் கதையில் அந்த வசனம் பெண்ணைத் தேற்றுவதற்காக வரவில்லை. "பல்லு வெளக்க மாட்டியா?" என்று கேட்ட மாமா, வீட்டு ஜெபத்தில் அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கும்போது நடுவில் தடுமாறி நிற்கிறார். அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் புரிந்தது.

வசனத்தை எடுக்கும்போது முன்னும் பின்னும் பத்து வசனமாவது படியுங்கள். புதுவருஷ வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வராத வீடு எங்கள் சபையில் குறைவு. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதினேன். நினைத்த காலேஜ் கிடைக்காமல் போன பையன் ஒருவன் அந்தத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டான். மார்க் வரும் என்று எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பான்.

"ஜெபித்தான், பாஸ் ஆனான்" என்று தயவுசெய்து முடிக்காதீர்கள். ஜெபித்தும் ஃபெயில் ஆன பிள்ளை அதே பாயில் உட்கார்ந்து அதைப் படிக்கிறது. நாலு வருஷமாக அப்பாவுக்காக ஜெபிக்கிற பிள்ளைக்கு அந்த முடிவு என்ன சொல்லும்? உன் ஜெபம் சரியில்லை என்றுதானே? லூக்கா 15-ஐப் பாருங்கள். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன் திரும்பி வந்தான், விருந்து நடக்கிறது, மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார். மூத்தவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது "உள்ளே துணி விட்டுத் தைங்கக்கா" என்று அம்மாக்கள் சொல்வார்கள். கதைக்கும் அப்படி உள்ளே கொஞ்சம் விட வேண்டும். இந்த வருஷம் ஒரு மாதிரிப் புரியும், அடுத்த வருஷம் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்வார்கள்.

கெட்டவனுக்கு என்ன பேர் வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நல்ல பிள்ளைக்கு கிரேஸ், கெடுக்கிற பிள்ளைக்கு வேறு மதத்துப் பேர் என்று நானும் எழுதியிருக்கிறேன். அது பாவம் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் துணை நிற்பது, நோட்ஸ் எடுத்துக் கொடுப்பது, காய்ச்சலென்றால் வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் அந்தப் பிள்ளைகள்தான். அம்மனுக்குப் படைத்த கூழைப் பற்றிய கேள்விக்கு நான் கட்டுரையாகத்தான் எழுதினேன், ஏனென்றால் கதையில் யாராவது ஒருவர் தோற்க வேண்டியிருக்கும். 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தையும் 10-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் எடுத்து, படைத்த உணவைச் சாப்பிடும் விஷயத்தில் பவுல் எதற்கெல்லாம் இடம் கொடுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று காட்டினேன். எங்கள் சபையிலேயே இதில் இரண்டு கருத்து உண்டு என்பதையும் எழுதினேன். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தோழியின் அம்மாவை எப்படி மரியாதையாக வணங்கி, என்ன சொல்லி வருவது என்பதற்கு நாலு வரி. பிள்ளைகளுக்கு அதிகம் உதவியது அந்த நாலு வரிதான்.

அப்புறம் பாரமான விஷயங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு சீட்டு வரும். வந்தது. அந்த மாதம் கதை எழுதவில்லை. 1 இராஜாக்கள் 19-ஐ எழுதினேன். சூரைச்செடியின் கீழே எலியா தீர்க்கதரிசி "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விடுகிறான், தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், திரும்பத் தூங்க விடுகிறான், திரும்பவும் சாப்பாடு. புத்தி சொல்வதெல்லாம் பிறகுதான். எங்கள் வீடுகளில் கேழ்வரகு அடை சுடும் வாசனை தெரியாத பிள்ளை கிடையாது, அதனால் அந்த இடத்தை மட்டும் நிதானமாக எழுதினேன். கீழே 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம் என்றும், சின்னப் பிள்ளைகளுக்கு 1098, குழந்தைகள் உதவி எண் என்றும் பெரிய எழுத்தில் போட்டேன். இப்படி எழுதும்போது ஒருவர் எப்படி உயிரை விட்டார் என்ற விவரத்தை ஒருபோதும் எழுதாதீர்கள். "விசுவாசம் குறைவு" என்றும் எழுதாதீர்கள். ஜெபமும் டாக்டரும் சேர்ந்தே வரட்டும். சீட்டு எழுதியது யார் என்று தெரிந்தால் தாளில் பதில் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. நேரில் போங்கள், பொறுப்பான ஒரு பெரியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் என்னிடம் அழுது சொன்னதை, பேரையும் ஊரையும் மாற்றிக் கதையாக்கினேன். அவளுடைய சைக்கிளின் நிறத்தை மாற்ற மறந்துவிட்டேன். வகுப்புக்கே தெரிந்துபோனது. அவள் எட்டு மாதம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு யார் சொன்னதையும் அவர்களிடம் கேட்காமல் எழுதுவதில்லை. "சரிக்கா, எழுதுங்க" என்று சொன்னாலும், எழுதியதை முதலில் அவர்களிடம்தான் காட்டுகிறேன். துப்பட்டாவால் வாயை மூடிய பெண்ணிடமும் காட்டினேன். "போட்டோக்காரரை மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லவராக்குங்கக்கா" என்றாள். மாற்றினேன்.

மொழி. விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். அம்மா மகளைப் பார்த்து "நீ ஏன் கலங்குகிறாய், என் மகளே?" என்று பாலக்கோட்டில் கேட்க மாட்டார். "என்னாடி, மூஞ்சி ஏன் இப்டி இருக்குது?" என்றுதான் கேட்பார். வேதத்தின் பழைய தமிழ் எனக்கு உயிர், அதன் ஓசையை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அது வசனத்துக்குள் இருக்கட்டும். "உலகப்பிரகாரமான", "ஆத்தும பாரம்", "அபிஷேகம்" என்ற வார்த்தைகளைச் சபைக்கு வெளியே வளர்ந்த பிள்ளை படித்தால் வழி தெரியாமல் நிற்கும். ஒன்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அதே வாக்கியத்திலேயே அர்த்தம் விளங்கும்படி எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒன்று நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒன்று படிக்கச் சோம்பல்படுகிற பிள்ளை. "நல்லா இருக்கா?" என்று கேட்கக் கூடாது, நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பென்சிலைக் கையில் கொடுத்து, "எங்க நிறுத்தலாம்னு தோணுதோ அங்க ஒரு கோடு போடு" என்று சொல்லுங்கள். கோடு பெரும்பாலும் நான் புத்தி சொல்ல ஆரம்பிக்கிற இடத்தில்தான் விழும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டுத் திரும்பப் படித்தால் கதை அதே இடத்தில் முடிந்திருப்பது தெரியும்.

அளவு என்று கேட்டால், கதை அறுநூறிலிருந்து எண்ணூறு சொல், கட்டுரை நானூறு. ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம் வரும். எழுத்து சின்னதாக இருந்தால் படிக்க மாட்டார்கள், அதனால் பன்னிரண்டு பாயிண்டுக்குக் குறையாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரிய பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். எட்டாவது ஒன்பதாவது பிள்ளைகளிடம் போன் கிடையாது, அம்மா போனுக்குத்தான் போகும். அவர்கள் அப்பாவைப் பற்றிய கேள்விக்கு பதில் அந்த வழியாகப் போகக் கூடாது. அதனால் தாளை ஜெராக்ஸ் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுக்கிறேன். டின்னைத் திறக்கும் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, சீட்டுகளைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.