யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு முதல் புத்தகத்த ஒன்லைனில போடுறது எப்பிடி

முதல் புத்தகம் போடப்போற ஆக்கள் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி “அமேசனில எப்பிடி ஏத்திறது” எண்டுதான். ஏத்திறது ஒரு பின்னேர வேலை. அதுக்கு முதல் உங்கட எழுத்தைச் சுத்தமாக்கி எடுக்கிறதுதான் பெரிய வேலை, கன பேர் அதைச் செய்யாமலே ஏத்திப்போடுகினம், பிறகு ரொரன்டோவில இருந்தோ பாரிசில இருந்தோ காசு குடுத்து வாங்கிற ஒருத்தர் முதலாம் பக்கத்திலயே கொம்பும் அரவும் பிரிஞ்சு கிடக்கிறதப் பாத்திட்டு மூடி வச்சிடுவார்.

உங்கட எழுத்து யூனிகோட்டில, அதாவது எந்தக் கருவியிலயும் தமிழாவே நிக்கிற பொது எழுத்துமுறையில, இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. எங்கட ஊர் அச்சகங்களில கன இடத்தில இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துருவிலதான் ரைப் பண்ணுகினம், கடதாசியில அது வடிவா வரும், ஆனா பைலுக்குள்ள உண்மையா இருக்கிறது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துருவ மாத்தினா தமிழே இல்லாமப் போயிடும். அமேசனின்ர இபுக் வாசிக்கிற கிண்டிலுக்கும் கூகிளுக்கும் அது தமிழ் எண்டே தெரியாது. பொங்குதமிழ் மாதிரி இலவச மாற்றியள் இருக்கு, அதில போட்டு யூனிகோட்டுக்கு எடுக்கலாம். எடுத்த உடன வேலை முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. இடையில வந்த ஆங்கிலப் பேர், ஈமெயில் விலாசம் எல்லாம் விளங்காத தமிழா மாறியிருக்கும், மேற்கோள்குறி பிழைச்சிருக்கும். அதவிட மோசம் கண்ணுக்குத் தெரியாத பிழையள். பாமினியில ரைப் பண்ணேக்க “ர்” எண்ட எழுத்துக்குப் பதிலா அரவு போட்டு அதுக்கு மேல குத்து வைக்கிற பழக்கம் இருக்கு, மாத்தின பிறகு “அவர்கள்” எண்டது “அவா்கள்” எண்டு நிக்கும், பாக்க ரெண்டும் ஒண்டு மாதிரித்தான், ஆனா தேடினா அம்பிடாது. “கௌரி” எண்டது கொம்பும் ளகரமுமா “கெளரி” எண்டு வந்திருக்கும். “ா்” எண்டதத் தேடி “ர்” எண்டு மாத்திற வேலைய கூகிள் டொக்சிலயே ஒரேயடியாச் செய்யலாம், ஔகாரச் சொல்லுகள மட்டும் ஒவ்வொண்டாப் பாருங்கோ, ஏனெண்டா “கெளுத்தி” எண்ட மீன் கெளுத்தியாத்தான் இருக்கோணும்.

பேப்பரிலயும் சஞ்சிகையிலயும் வந்த கதையள் வெட்டி ஒட்டின கொப்பியில மட்டும் இருக்குதெண்டாலும் பிரச்சினை இல்லை. நல்ல வெளிச்சத்தில படம் எடுத்து கூகிள் ட்ரைவில போட்டு, அதக் கூகிள் டொக்சில திறந்தா எழுத்தாத் தரும். ஆனா வரிக்கு வரி மூலத்தோட ஒப்பிட்டு வாசிக்கோணும்.

பிழை திருத்திறதுக்கு உங்களத் தவிர ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் தமிழ் படிப்பிச்ச ஆளா இருந்தா நல்லம், மற்றவர் சும்மா ஆசைக்கு வாசிக்கிற ஆளா இருக்கட்டும். கதாபாத்திரம் “எண்டு” சொன்னா அது “எண்டு” ஆகவே இருக்கட்டும், சிவப்புக் கோடு காட்டுது எண்டதுக்காக எங்கட பேச்ச மாத்தி எழுதாதேங்கோ, வெளியில இருக்கிற சனம் உந்தப் பேச்சுக்காகவே வாங்கி வாசிக்கும். ஆனா ஒரு சொல்ல ஒரே மாதிரி எழுதோணும், அதுக்கு ஒரு சொற்பட்டியல் வச்சுக்கொள்ளுங்கோ.

ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் கூகிள் டொக்சில “ஹெடிங் 1” குடுங்கோ, பொருளடக்கம் தானா வரும். பந்தி தள்ள ஸ்பேஸ் தட்டக்கூடாது, அடுத்த பக்கத்துக்குப் போக என்ரர் தட்டித் தட்டிப் போகவும் கூடாது. முடிய இபப் (EPUB) எண்ட இபுக் பைலா இறக்கி போனில திறந்து, எழுத்தப் பெருசாக்கியும் சின்னனாக்கியும் பாருங்கோ.

அட்டைக்கு அமேசன் சொல்லுற அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். போட்டோசொப்பில தமிழ் உடைஞ்சு வந்தா தெற்காசிய எழுத்துக்குரிய கொம்போசருக்கு (எழுத்த அடுக்கிற அமைப்புக்கு) மாத்தினாச் சரிவரும். எழுத்துருவுக்கு கூகிள் பொன்ட்சில நோட்டோ செரிப் தமிழ், கற்றமரன் (Catamaran) மாதிரி கன இருக்கு, விக்கிற புத்தகத்துக்கும் காசில்லாமப் பாவிக்கலாம்.

இனித்தான் எங்க போடுறது எண்டது. எழுதின ஆக்கள் தாங்களே புத்தகம் போடுற அமேசனின்ர கேடிபி சேவையில தமிழில இபுக் மட்டும்தான் போடலாம், அச்சுப் புத்தகம் தமிழில அடிக்கேலாது. விலை 2.99 டொலரில இருந்து 9.99 வரைக்கும் வச்சா 70 வீத றோயல்ரி, அதாவது எழுதினவருக்கு வாற பங்கு, எடுக்கலாம், அதுக்குக் கீழயோ மேலயோ வச்சா 35 வீதம். ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக அடையாள இலக்கம் அங்க தேவையில்லை. அச்சிலயும் போடப்போறியள் எண்டா கொழும்பில இருக்கிற தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிட்ட எடுங்கோ. கேடிபி கேக்கிற வரிப் படிவத்த அவசரப்பட்டு நிரப்பாதேங்கோ. அமெரிக்கா சாதாரணமா 30 வீதம் பிடிக்கும், இலங்கையோட வரி ஒப்பந்தம் இருக்கிறபடியா உங்கட வரி இலக்கத்தக் குடுத்து அத உரிமை கோரினா குறையும்.

கேடிபி செலக்ட் எண்ட பெட்டியில மட்டும் கவனம். அதில புள்ளடி போட்டா 90 நாளுக்கு அந்தப் புத்தகம் டிஜிட்டலா வேற எங்கயும் இருக்கக்கூடாது, நீங்களே வட்ஸ்அப்பில பிடிஎப் அனுப்பி விக்கிறதும் சரிவராது, நிப்பாட்டாட்டி அது தானாப் புதுப்பிக்கும். கிண்டில் அன்லிமிட்டட் எண்ட சந்தாவில வாசிக்கிற ஆக்கள் கிடைப்பினம், பக்கக் கணக்கில காசு வரும் எண்டது உண்மைதான். ஆனா அமேசனுக்கு இலங்கையில கடை இல்லை, இங்க கார்ட் இல்லாத பெடியனுக்கு உங்கட புத்தகம் கிடைக்கவே மாட்டுது. முதல் புத்தகத்துக்கு நான் சொல்லுறது, செலக்ட்டில சேராம அமேசனிலயும் போடுங்கோ, இங்க இருக்கிற ஆக்களுக்கு வங்கிக் கணக்குக்குக் காசு போடச்சொல்லி நேரயும் பைலக் குடுங்கோ.

காசு வேண்டாம், வாசிச்சாக் காணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் இருக்கு, ஆரும் இலவசமாப் பகிரலாம் எண்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில போடுவினம். அந்த உரிமத்தக் குடுத்தாப் பிறகு திருப்பி வாங்கேலாது, யோசிச்சுக் குடுங்கோ. நூலகம் தளத்துக்கும் ஒரு பிரதிய அனுமதிக் கடிதத்தோட குடுங்கோ, 2005இல இருந்து எங்கட ஆக்களின்ர நூலுகளச் சேத்து வைக்கினம். 1981இல ஒரு நூலகம் முழுசா எரிஞ்ச ஊர் இது, ஒரு புத்தகம் ஒரே இடத்தில மட்டும் இருக்கிறத நான் ஒருநாளும் விரும்பமாட்டன். செலக்ட்டில இருக்கிற புத்தகமெண்டா காலம் முடிஞ்ச பிறகு குடுங்கோ.

ஏத்தின பிறகு மூண்டு நாளுக்குள்ள அனேகமா விற்பனைக்கு வந்திடும். வந்த உடன இலவசமாக் காட்டுற முதல் பக்கங்கள நீங்களே போனில வாசிச்சுப் பாருங்கோ, வெளிநாட்டில இருக்கிற ஒரு சொந்தக்காரரிட்டயும் ஒருக்கா வாங்கிப் பாக்கச் சொல்லுங்கோ. பிழை கண்டா திருத்தின பைலத் திரும்ப அதே இடத்தில ஏத்தலாம், புதுசா ஒரு புத்தகம் தொடங்கத் தேவையில்லை, விமர்சனங்களும் அப்பிடியே நிக்கும்.