இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறியபோது

என்னிடமுள்ள 1967ஆம் ஆண்டு பிரிட்டிஷ் காரில் பெட்ரோல் முள்ளும் வெப்பமானி முள்ளும் ஒரே நாளில் அளவுக்கு மீறி ஏறிக் காட்டத் தொடங்கின. டாங்கி மிதவையை மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் யோசனையை நான் ஏற்கவில்லை. இரண்டு மீட்டர்களும் ஒருசேரத் தவறினால், இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள அந்தச் சிறிய தகரப் பெட்டிக்குள், சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று மின்சாரத்தை அடிக்கடி துண்டித்துச் சேர்த்து, சராசரியாக 10 வோல்ட் மட்டுமே மீட்டர்களுக்குப் போகச் செய்கிறது. காரின் உலோக உடல் வழியாகப் பெட்டிக்கு எர்த் (மின்சாரம் திரும்பிச் செல்லும் இணைப்பு) கிடைக்காவிட்டால் பட்டை சூடேறாது. பேட்டரியின் முழு 12 வோல்ட்டும் நேராகப் போய்விடும். என் காரில் அந்தப் பெட்டியை உடலோடு பொருத்தும் திருகின் அடியில் துரு படிந்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்துத் திருகை இறுக்கினேன். மறுபடி சாவியைத் திருப்பியபோது, நிறைந்த டாங்கியைக் காட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.