லிப்ரே ஒபிஸின் முகப்பை நம் கைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். ஆறு பழைய லெப்டொப்கள், ஆறிலும் கடிதம், கணக்கு அட்டவணை எல்லாம் செய்யக்கூடிய லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள். பள்ளிக்கூடத்தில் வேர்ட் பழகிய பிள்ளைகள் முதல் நாள் கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், இதில ஹோம் டேப் எங்க?" தேடிக் களைத்த ஒரு தங்கச்சி, "இது பழைய சாமான் சேர்" என்று மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அது மிகவும் மனவருத்தமாகப் போய்விட்டது. காசு கொடுக்காமல், திருட்டுக் கொப்பி போடாமல், நேர்மையாகப் பாவிக்கக்கூடிய ஒரு மென்பொருளை முகப்பு பிடிக்கவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் ஒதுக்கிவிடக் கூடாது.

2010இல் ஓப்பன் ஒபிஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஒபிஸ். டேப்கள் கொண்ட புதிய முகப்பு 2017இல் 5.3 பதிப்பில் பரீட்சார்த்தமாக வந்தது. 2019இல் 6.2 பதிப்பிலிருந்து எல்லோருக்கும் கிடைத்தது. உங்களிடம் 7.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் கீழே சொல்வது பொருந்தும். பழையது என்றால் முதலில் புதியதைப் போடுங்கள். 300 எம்பிக்கு மேல் வரும், டவுனுக்குப் போகிற நாளில் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வாருங்கள். மெனுப் பெயர்களைத் திரையில் உள்ள ஆங்கிலப் பெயராகவே எழுதுகிறேன்.

1. முகப்பைத் தெரிவு செய்தல்

கடிதம் அடிக்கும் பகுதியான ரைட்டரைத் திறந்து, வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதை அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் ஏழு வகை இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் பக்கத்திலேயே மாதிரிப் படம் தெரியும்.

வேர்ட் பழகியவர்களுக்கு டேப்ட். ஆனால் எங்கள் லெப்டொப் போல 1366×768 திரை என்றால் டேப்ட் கொம்பெக்ட் எடுங்கள். சாதாரண டேப்ட் மேலே நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கடிதத்தின் பாதி கீழே போய்விடும். நாள் முழுக்க டைப் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்டாண்டர்ட் டூல்பார்தான். காரணம் மூன்றாவது படியில் இருக்கிறது.

பெட்டியின் கீழே இரண்டு பட்டன்கள் உண்டு. ஒன்று ரைட்டருக்கு மட்டும், மற்றது எல்லாவற்றுக்கும். முதலாவதை அழுத்திவிட்டு, கணக்கு அட்டவணைப் பகுதியான கல்க்கைத் திறந்தால் பழைய முகம்தான் இருக்கும். எங்கள் வகுப்பில் நான்கு பேர் இப்படிக் குழம்பினார்கள்.

டேப்ட் வந்ததும் ஃபைல், எடிட், வியூ என்ற மெனு வரிசை மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், டேப் வரிசையின் இடது ஓரத்தில் உள்ள சின்னப் பட்டனை அழுத்தினால் திரும்பி வரும். நான் அதை எப்போதும் தெரியும்படியே வைத்திருக்கிறேன்.

2. ஐகன் அளவு

டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லிப்ரே ஒபிஸ், வியூ. டூல்பாருக்கு, டேப் முகப்புக்கு, சைட்பாருக்கு என்று தனித்தனி அளவு இருக்கிறது. கண் பார்வை மங்கிய பெரியவர்கள் பாவிக்கும் கம்ப்யூட்டரில் மூன்றையும் பெரிதாக்குங்கள்.

3. சொந்த டூல்பார்

நான் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விசயம். டேப் முகப்பில் உள்ள பட்டன்களை மறைக்கலாம், காட்டலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. சொந்தப் பட்டன் வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட் டூல்பாருக்குத் திரும்புங்கள்.

தோட்டத்து ஆட்கள் என்னிடம் கடிதம் அடித்துத் தரச் சொல்லி வருவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி, பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதி என்று. எல்லாவற்றுக்கும் தேவைப்படும் வேலைகள் ஐந்துதான்: திகதி போடுதல், முகவரியை வலப்பக்கம் தள்ளுதல், வடிவம் இல்லாமல் ஒட்டுதல், புதிய பக்கம், பிடிஎஃப் ஆக்குதல். இந்த ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்தால் எவ்வளவு நேரம் மிச்சம்!

டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ், அதில் டூல்பார்ஸ் பகுதி. டார்கெட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பட்டனில் ஆட் என்பதை அழுத்தி, "கடிதம்" என்று பெயர் கொடுத்தேன். அதே இடத்தில் சேவ் இன் என்று ஒரு தெரிவு கேட்கும். அந்தக் கடிதத்துக்காகத்தானே செய்கிறேன் என்று கோப்பின் பெயரைத் தெரிவு செய்தேன். இடது பக்கப் பட்டியலில் தேடித் தேடி ஐந்து பட்டன்களையும் வலது பக்கம் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரம் போனது. மறுநாள் புதிய கடிதம் திறந்தால் டூல்பாரே இல்லை. முந்தைய நாள் கடிதத்தைத் திறந்தால் இருக்கிறது!

ரைட்டர் கடிதத்தைச் சேமிக்கும் ஓடிடி கோப்பு உண்மையில் பல கோப்புகளை உள்ளே சுருக்கி வைத்த ஒரு ஜிப் பொதி. திறந்து பார்த்தேன். உள்ளே கொன்ஃபிகரேஷன்ஸ்2 என்ற கோப்புறையில் என் டூல்பார் உட்கார்ந்திருந்தது. அதாவது டூல்பார் அந்த ஒரு கடிதத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே சேவ் இன் என்ற இடத்தில் லிப்ரே ஒபிஸ் ரைட்டர் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள டூல்பாரை மாற்றும்போதும் ஸ்கோப் என்ற இடத்தில் அதுவே இருக்க வேண்டும். இரண்டு தடவை பார்த்த பிறகுதான் பட்டன்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

4. தமிழ் எழுத்துரு

டூல்ஸ், ஒப்ஷன்ஸ் சென்று மொழிப் பகுதியில் கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் (சுருக்கமாக சிடிஎல், தமிழ் போன்ற எழுத்துகளுக்கான அமைப்பு) என்பதைச் சரி போட்டு, தமிழைத் தெரிவு செய்யுங்கள். பிறகு ரைட்டருக்குக் கீழே பேசிக் ஃபொன்ட்ஸ் சிடிஎல் என்ற பக்கத்தில் உங்கள் எழுத்துருவைப் போடுங்கள். எனக்கு நோட்டோ சான்ஸ் தமிழ்தான் பிடிக்கும், சிறிய அளவிலும் சுழிகள் தெளிவாக விழும். பாமினி என்ற யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு இது உதவாது. அவை கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துகளே.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, பன்னிரண்டு மெஷின்லயும் ஒவ்வொன்னா செய்யணுமா?" தேவையில்லை. எல்லா மாற்றங்களும் யூசர் என்ற ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன. ஹெல்ப் மெனுவில் ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட் கொடுங்கள். வரும் பெட்டியில் அட்வான்ஸ்ட் பகுதியை விரித்தால் அந்தக் கோப்புறையைத் திறக்கும் பட்டன் இருக்கும். கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்து, மற்ற மெஷினில் அதே இடத்தில் வையுங்கள். அங்கே உள்ள பழைய கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். நான் இதை விண்டோஸிலிருந்து விண்டோஸுக்குத்தான் செய்திருக்கிறேன்.

அவருக்கு முதல் தடவை வேலை செய்யவில்லை. லிப்ரே ஒபிஸ் திறந்திருக்கும்போதே ஒட்டியிருக்கிறார். மூடும்போது அது தன் பழைய அமைப்பையே மேலே எழுதிவிடும். எல்லாச் சாளரத்தையும் மூடி, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் லிப்ரே ஒபிஸைப் பின்னணியில் தயாராக வைத்திருக்கும் குவிக்ஸ்டார்ட்டரின் ஐகன் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்று: அந்தக் கோப்புறையோடு உங்கள் பெயரும், கடைசியாகத் திறந்த கடிதங்களின் பட்டியலும் சேர்ந்தே போகும். கொப்பி எடுப்பதற்கு முன் ஒப்ஷன்ஸில் யூசர் டேட்டா பக்கத்தை வெறுமையாக்கி, ஃபைல் மெனுவில் ரீசன்ட் டொக்யுமென்ட்ஸ் பட்டியலையும் அழித்துவிடுங்கள்.