ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்சி சரிபார்ப்பது, லோன் பாக்கி கேட்பது, இன்சூரன்ஸ் தேதி பார்ப்பது எல்லாம் எந்தக் காருக்கும் பொது. இங்கே சொல்ல வருவது நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோருக்கே உரிய தவறுகள். பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்து சூடுபட்டவைதான், புதியவர்கள் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். 2020 அக்டோபரில் புது மஹிந்திரா தார் வந்த பிறகு, அதுவரை ஜீப் பக்கமே போகாத பலர் இந்த வண்டிகளை வாங்கினார்கள். அந்த வண்டிகள் இப்போது கைமாறுகின்றன. முதல் ஓனர் செய்த தவறுக்கு இரண்டாம் ஓனர் செலவு செய்கிறார்.

பெயரைப் பார்த்து வாங்குவது

தார் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்ற காலம் 2023 ஜனவரியோடு போய்விட்டது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தார் அப்போதுதான் வந்தது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். உள்ளே கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சியில் 1497 சிசி டீசல் என்று இருந்தால் அது ஃபோர் பை ஃபோர் இல்லை. 2024-ல் வந்த தார் ராக்ஸில் பெட்ரோல் வாங்கினாலும் பின் சக்கர இழுவைதான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காய்ந்த ரோட்டில் ஃபோர் ஹை போடுவது

ஃபோர் ஹை என்றால் நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை. இந்தத் தவறைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. வண்டியை விற்கிறவரே "மலைப்பாதையில் ஃபோர் ஹை போட்டுக்கோங்க சார், கிரிப் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

தார், ஜிம்னி, கூர்க்கா, இசுசு வி-கிராஸ் எல்லாமே பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இழுக்க வைப்பவை. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் ஹை போட்டதும், இழுவையை முன்னும் பின்னும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடியாக வேண்டும். தாரின் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 2450 மி.மீ. பின் ஆக்சிலின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். அதை முடிப்பதற்குள் முன் ஆக்சில் சுமார் ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். சக்கரத்தின் சுற்றளவே இரண்டரை மீட்டர்தான், ஆக அரைச் சுற்றுக்கும் மேலே வித்தியாசம்.

சேற்றில், மணலில், சரளையில் டயர் லேசாக வழுக்கி இந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த ரோட்டில் டயர் அவ்வளவு எளிதாக வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், அதன் மூட்டான கிராஸ் ஜாயிண்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சிலின் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் என்று உள்ளேயே ஏறும். இடது வளைவில் ஏறியது வலது வளைவில் இறங்கிவிடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடுதலாக ஓடுவது முன் சக்கரம்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், எழுபதிலும் முறுக்கு ஒரே திசையில்தான் ஏறும்.

அறிகுறிகள் தெளிவாகவே தெரியும். வளைவில் ஸ்டியரிங் கனக்கும். யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி திமிறும். சமதளத்துக்கு வந்து, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கு மாற்றப் பார்த்தால் லிவர் அசையாது. அந்த நேரத்தில் லிவரைக் கையால் குத்தி, முழு பலத்தோடு இழுக்கிறார்கள். செய்யக் கூடாது. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி வைத்து 10 மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு எதிர்த்திசையில் அவிழும். சில சமயம் அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அதன்பின் லிவர் இரண்டு விரலில் வந்துவிடும்.

இறக்கத்துக்கு டூ ஹையில் இரண்டாம் கியர் போதும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஷாஃப்டுகளைக் கையால் பிடித்துத் திருகினால் கிராஸில் ஆட்டம் இருக்கக் கூடாது. பினியன் சீல் அருகே ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி, வெள்ளைத் துணியில் விட்டுத் தேயுங்கள். துணியில் உலோகத் துகள் மினுமினுத்தால் உள்ளே பல் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி. கடைசியாக மண் தரைக்குக் கொண்டுபோய் ஃபோர் ஹை, ஃபோர் லோ (மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் நிலை) இரண்டும் விழுகிறதா, திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஃபோர் லோவுக்கு வண்டியை முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும்.

முன்னால் புது டயர், பின்னால் பழையது

இதுவும் அதே நோயின் இன்னொரு முகம். 255/65 ஆர்18 டயரில் பட்டன் 5 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 10 மி.மீ. குறையும். தேய்ந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு 5 சுற்று கூடுதலாகச் சுற்றும். ஃபோர் ஹையில் நேர் ரோட்டில் போனாலும் முறுக்கு ஏறும். நாலையும் சேர்த்து மாற்றுங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றிப் போட்டு வந்தால் தேய்மானம் சமமாக இருக்கும்.

பழைய பில்லை வைத்து விலை பேசுவது

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. 2.2 லிட்டர் டீசல் தாருக்கு செஸ்ஸோடு சேர்த்து 48 சதவீதமாக இருந்தது 40 ஆனது. 1.5 டீசலுக்கு 31 சதவீதம் 18 ஆனது. விற்பவர் காட்டுவது அன்று அவர் கொடுத்த விலை. இன்றைய ஷோரூம் ஆன்ரோடு விலையிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள்.

தண்ணீரில் இறக்கிவிட்டு மறந்துபோவது

ஓடிச் சூடான ஆக்சில் ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஹவுசிங்குக்குக் காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றில் இறங்கி ஏறிய வாரமே முன், பின் டிஃபரென்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

டோ பாலில் கயிறு கட்டி இழுப்பது

டோ பால் என்பது டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை. சிக்கிய வண்டியை அதில் கட்டி இழுத்தால் உயிர் போகும். சேஸியில் போல்ட் போட்ட ரெக்கவரி ஹுக் மட்டும்.

மணலில் ரோட்டுக் காற்றோடு இறங்குவது

18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். ரோடு ஏறுவதற்குமுன் திரும்ப நிரப்ப கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும்.